பைஜாமாவோடு ஓடி வந்தவள்

பென் டிராவர்ஸின் 'ரூக்கரி நூக்' 1926-இல் லண்டன் ஆல்ட்விச் அரங்கில் விழுந்து விழுந்து சிரிக்க வைத்த நாடகம். 1930-இல் படமானபோதும் முக்கிய நடிகர்கள் மேடையில் நடித்தவர்களேதான். பேசும்படம் வந்த புதிது. காமிரா அதிகம் நகராது. சபா நாடகம் பார்த்தே வளர்ந்த எனக்கு அது குறையாகவே படவில்லை. ஜெர்மானிய மாற்றாந்தகப்பனுக்குப் பயந்து பைஜாமாவோடு ஓடிவரும் பெண். அவளை மறைக்கத் திண்டாடும், ஒற்றைக்கண் கண்ணாடி போட்ட ரால்ஃப் லின். கதவு திறந்தாலே வயிறு குலுங்கும். (வழுக்கைத்தலை ராபர்ட்சன் ஹேர் சும்மா வந்து நின்றாலே போதும்!) இது படமானதற்குப் பின்னணி ஒன்றுண்டு: 1927-ஆம் ஆண்டுச் சட்டப்படி அன்று பிரிட்டிஷ் திரையரங்குகள் உள்நாட்டுப் படங்களையும் ஓட்டியாக வேண்டியிருந்தது; ஓடிய நாடகத்தைப் படமாக்குவது அதற்குச் சல்லிசான வழி. இயக்கி நடித்த டாம் வால்ஸுக்கோ குதிரைப் பித்து. அவருடைய குதிரை 'ஏப்ரல் தி ஃபிஃப்த்' 1932 டெர்பி பந்தயத்தை வென்றது.