கொத்தளம் சாலையான கதை

புதுச்சேரியில் 'புல்வார்' என்றால் மரநிழல் சூழ்ந்த அகன்ற சாலை என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆயினும் அது போர்க்களத்துச் சொல். பழைய டச்சு மொழியில் 'போல்வெர்க்' என்பது மரக்கட்டைகளை அடுக்கி எழுப்பிய காப்பரணாகும். பிரெஞ்சு மொழிக்குள் புகுந்த அச்சொல் 'புல்வார்' எனத் திரிந்து, கொத்தளத்தைக் குறித்தது. 1670-இல் பதினான்காம் லூயி மன்னர் பாரிசின் மதில்களை இடிக்கச் செய்து, அவ்விடத்தில் மரங்களை நடுவித்தார். மதில் மறைந்தது, அதன் பெயர் சாலைக்கு நிலைத்தது.

புதுச்சேரியிலோ மதிலை அகற்றியவர் பகைவர். 1761 ஜனவரியில், முற்றுகையின் பட்டினியால் நகரம் பணிந்தது. ஆங்கிலேயர் கோட்டையையும் மதில்களையும் தரைமட்டமாக்கினர். மதிலை நம்பியிருந்த சம்பா கோவிலும் தப்பவில்லை. ('சான் போல்', அதாவது புனித பவுல், என்பதே மக்கள் நாவில் 'சம்பா' ஆயிற்று என்பர்.) நாம் இன்று வழிபடும் ஆலயம் 1791-இல்தான் நிறைவுற்றது, முப்பது ஆண்டுக் காத்திருப்பு!

மதில் நின்ற தடத்தில் பின்னர் நகரைச் சுற்றிப் புல்வார்கள் அமைந்தன. அவற்றுள் வடக்கிலுள்ளது இன்று சர்தார் பட்டேல் சாலை, தெற்கிலுள்ளது சுப்பையா சாலை, மேற்கிலுள்ளது அண்ணா சாலை.