பெருந்தமனி
நாங்குநேரிப் பக்கம் ரத்தக்குழாய் எதுவானாலும் ‘நரம்பு’தான், சிஸ்டர் ஊசி போடத் தட்டித் தேடுவதும் அதைத்தான். இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய்க்கு நம் பாடநூல் தந்த பெயர் பெருந்தமனி. ஈழத்தில் தொகுதிப் பெருநாடி. தமனி வடசொல். ஊதுதல் என்பது அதன் வேர்ப்பொருள். பழைய கிரேக்கரும் தமனியில் காற்று ஓடுவதாகவே நம்பினார்கள். பிணத்தில் அது வெறுமையாகக் கிடந்ததே!

பாக்டீரியா அரித்துப் பெருந்தமனியின் சுவர் புடைப்பதற்கு 1885இல் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் வைத்த பெயர் ‘மைக்காட்டிக்’, அதாவது பூஞ்சைப் புடைப்பு. பார்வைக்குப் பூஞ்சை போலிருந்ததாம். குற்றவாளி பெரும்பாலும் சால்மோனெல்லாவோ ஸ்டெஃபிலோகாக்கஸோதான். சீழ்ப்புடைப்பு என்றால் பொருந்தும். அறுவை சிகிச்சையில் அழுகிய பகுதியை வெட்டியெடுத்து, சுற்றிலும் சுரண்டிக் கழுவி, செயற்கைக் குழாயையோ தானமாக வந்த தமனியையோ வைத்துத் தைப்பார்கள். வயிற்றுப் பகுதியானால் குடல்மேல் கிடக்கும் கொழுப்புத்திரையை இழுத்துப் போர்த்துவதும் உண்டு. ஆன்டிபயாட்டிக் வாரக்கணக்கில் ஓடும்.