நெஞ்சுச் சதை வாய்க்குப் போன கதை

எங்கள் தருமபுரிப் பக்கத்தில் ரேடியேஷன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "கரண்டு வெச்சாங்க" என்பார்கள். என் அக்கா வீட்டுக்காரருக்கு 1994இல் இடது கன்னத்தின் உட்புறம் புற்று வந்து கரண்டு வைத்தார்கள். இருபது வயதிலிருந்து அந்தக் கன்னத்தில்தான் போயிலை அடக்குவார். புண் ஆறியது, மொட்டை போட்டோம். ஒன்றரை வருஷத்தில் அதே இடத்தில், இந்த முறை தாடை எலும்போடு ஒட்டிக்கொண்டு, திரும்பி வந்துவிட்டது.

மறுபடி கரண்டு வைக்க முடியாது, கத்திதான் என்றார் பெங்களூரு டாக்டர். ஒரு சீட்டில் மூன்று வழிகளை எழுதிக் காட்டினார். ஒன்று, கன்னத்தையும் தாடையில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு, நெஞ்சுச் சதையை மேலே கொண்டுவந்து மூடுவது. இரண்டு, காலெலும்பையும் அதோடு சேர்ந்த தோலையும் எடுத்து, மைக்ராஸ்கோப் வைத்து ரத்தக் குழாயைத் தைத்துத் தாடை செய்வது. அதற்கு வேறு ஊர் போக வேண்டும், செலவும் பெரிசு. மூன்றாவது, ஒன்றும் செய்யாமல் வலிக்கு மட்டும் மருந்து கொடுப்பது. மூன்றாவதை அவர் கூசாமல் எழுதியதற்காக இன்றும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அந்தச் சீட்டுக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருந்தது என்பது நான் ரிட்டயர் ஆகி, உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது.

குரல்வளையை முழுதாக எடுக்கும் ஆபரேஷனைப் புற்றுக்காக முதன்முதலில் செய்தவர் வியன்னாவின் பில்ரோத். நாள், 1873 டிசம்பர் 31. அதுவே திரும்பி வந்த புற்றுக்குச் செய்ததுதான். சில வாரங்களுக்கு முன் கட்டியை மட்டும் எடுத்திருந்தார், அது மறுபடி வளர்ந்தது. செயற்கைக் குரல்வளை பொருத்தி நோயாளியைப் பேசவும் வைத்தார்கள். ஆனால் ஏழு மாதத்தில் புற்று மீண்டும் வந்து ஆள் போய்விட்டார்.

நம் பக்கத்துக் கணக்கும் இதில் உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர்கள், 1908லேயே வாய்ப் புற்று ஆபரேஷன்கள் 209 பற்றி இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை நம்மை அவ்வளவு காலமாகத் தின்றுகொண்டிருக்கிறது. பிறகு 1954இல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாறில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா அங்கே சேர்ந்தார்.

ஆக, வெட்ட நெடுங்காலமாகத் தெரியும். வெட்டிய பள்ளத்தை மூடத்தான் தெரியவில்லை. அதுவும் கரண்டு வைத்த இடத்தில் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கிப் போயிருக்கும். தைத்தாலும் ஒட்டாது, ஓட்டை விழும், குடிக்கிற தண்ணீர் கழுத்து வழியே ஒழுகும். சில பேருக்குக் கழுத்தின் பெரிய ரத்தக் குழாயே வெடித்துவிடும். அதனால் வெளியிலிருந்து நல்ல சதை வந்தாக வேண்டும். 1963இல் மெக்ரெகர் நெற்றித் தோலைத் திருப்பிப் போட்டார். வாய் மூடியது, நெற்றி பாழானது. 1965இல் பக்காம்ஜியான் மேல் நெஞ்சுத் தோலைக் கொண்டுவந்தார். ஆனால் அது ஒட்டிப் பிடிக்கும்வரை நோயாளி வாரக்கணக்கில் காத்திருந்து, மறுபடியும் மேஜையில் படுக்க வேண்டும்.

1979இல் அமெரிக்காவின் அரியன் நெஞ்சுத் தசையைத் தோலோடும், அதற்குப் பாயும் ரத்தக் குழாயோடும் சேர்த்து அப்படியே கழுத்துக்குள் ஏற்றினார். வறண்ட வயலுக்குக் கிணற்றோடு சேர்த்து மண்ணைக் கொண்டுவந்த மாதிரி. ஒரே ஆபரேஷன், மைக்ராஸ்கோப் வேண்டாம். பெரிய நகரத்து வசதி இல்லாத ஆஸ்பத்திரிகளும் துணிந்தது இதற்குப் பிறகுதான். குறை இல்லாமல் இல்லை: கனமாகத் தொங்கும், தோள் பலம் குறையும், எலும்பு கிடைக்காது, தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

1981இல் சீனர்கள் எழுதிய முன்கைத் தோல் முறையும், 1989இல் நியூயார்க்கின் ஹிடால்கோ காலெலும்பில் தாடை செய்ததும் முகத்துக்கு இன்னும் நல்லவை. மெல்லிசாக இருக்கும், பல்கூடக் கட்டலாம். ஆனால் பல மணி நேர வேலை. தைத்த குழாயில் ரத்தம் உறைந்தால் சதை முழுதும் போய்விடும். கரண்டு வைத்த கழுத்தில் தைக்க நல்ல குழாய் கிடைப்பதே கஷ்டம். எது உசத்தி என்று என்னைக் கேட்டால், காலெலும்புதான் என்பேன். 1996இல் எங்களுக்கு எது கைக்கு எட்டியது என்பது வேறு.

பிழைப்பது எத்தனை பேர்? 2000இல் குட்வின் என்பவர், இப்படித் திரும்பி வந்து ஆபரேஷன் செய்துகொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார். ஐந்து வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 39. சின்னதாகத் திரும்பியபோதே பிடித்தவர்களுக்கு நிறையப் பலன், முற்றிப்போனவர்களுக்குக் குறைவு.

இந்தக் கணக்கு அன்றைக்கு எங்களிடம் இல்லை. மாமா டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "களி திங்க முடியுமாங்க?"

"உருண்டையா முடியாதுங்க பெரியவரே. கரைச்சுக் குடிக்கலாம்."

"அப்ப முதல் வழியே பண்ணிடுங்க."

அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தார். கேழ்வரகுக் கூழ், மோர், ரசம் சாதம் கரைத்தது. யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, நெஞ்சுத் தோல் போன இடமெல்லாம் நெஞ்சு முடியும் கூடப் போகும் என்பது. வாய்க்குள் முடி வளர்ந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திண்ணையில் வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டி உட்காருவார், அக்கா சின்னக் கத்தரியால் வெட்டிவிடுவாள். "எல்லாருக்கும் மீசை வெளியே, எனக்கு உள்ளே" என்று, பாதி வாயால், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.