உரோமரின் துணைப்படையும் ஒரு வரித் தாய்மொழியும்

"உரோமர் எல்லாரும் இத்தாலிக்காரரோ அப்பா?" வெஸ்ட் ஈலிங் நூலகத்துக்குப் போகிற வழியில் மகள் கேட்ட கேள்வி இது. பள்ளிக்கூடத்தில் உரோமரைப் பற்றிப் படிப்பிக்கிறார்களாம். "ஓம்" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அது பிழையான விடை.

கி.பி. 43இல் குளோடியஸ் மன்னன் அனுப்பிய படை பிரித்தானியாவில் இறங்கியது. அதில் இரண்டு வகையினர் இருந்தனர். லீஜியன் என்ற பெரும்படையில் உரோமக் குடியுரிமை உள்ளவர்களே சேரலாம். மற்றவர்களுக்கு இருந்தது துணைப்படை. இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம், ஸ்பெயின், சிரியா என்று பேரரசுக்கு உட்பட்ட நாடுகளில் எல்லாம் ஆள் சேர்த்தார்கள்.

துணைப்படையின் காலாட்பிரிவு ஒன்றில் ஏறத்தாழ 480 பேர். எண்பது பேருக்கு ஒரு செஞ்சூரியன். குதிரைப்படையின் சிற்றணிக்கு டெக்கூரியன். எல்லாருக்கும் மேலே பிரிபெக்ட். 25 வருடம் சேவை செய்து முடித்தவருக்குக் குடியுரிமை கிடைக்கும். அதற்குச் சான்றாக வெண்கலத் தகட்டுப் பத்திரமும் உண்டு. கி.பி. 140 வரை பிள்ளைகளுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். பிறகு, சேவைக்காலத்தில் பிறந்த பிள்ளைகளை விட்டுவிட்டார்கள். ஒரு கடிதத்துக்காக வருடக்கணக்கில் தபால்காரரைப் பார்த்திருந்த எங்களுக்கு அந்தத் தகட்டின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

வட இங்கிலாந்தில் விந்தோலந்தா என்ற கோட்டையில் 1973 முதல் மெல்லிய மர ஏடுகள் கிடைத்து வருகின்றன. ஒன்றில் துங்கிரியர் படையின் ஆட்கணக்கு இருக்கிறது: மொத்தம் 752 பேர், வெளியே போனவர்கள் 456, கோட்டையில் இருந்தவர்கள் 296, அவர்களிலும் 31 பேர் சுகமில்லாதவர்கள். வெளியே போன இடங்களில் லண்டனின் பெயரும் வருகிறது. இன்னொரு ஏடு, யாரோ ஒருவருக்குக் காலுறையும் உள்ளாடையும் அனுப்பிய செய்தி. குளிர் அவர்களையும் விட்டுவைக்கவில்லை!

துணைப்படை எப்போதும் சொன்னபடி கேட்டதா? இல்லை. கி.பி. 69இல் உரோமருக்காகப் படை நடத்திய பத்தாவியத் தலைவன் சிவிலிஸ், அதே உரோமருக்கு எதிராகக் கிளர்ந்தான். எங்கள் தீவிலும் இப்படி நடந்தது. முதலாம் விஜயபாகு சோழர்மேல் படையெடுக்கப் பணித்தபோது, அவனிடம் சேவை செய்த வேளைக்காரப் படை மறுத்துக் கலகம் செய்தது. அரசன் அதைக் கடுமையாக அடக்கினான். ஆனாலும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலனறுவையில் புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்களும் வேளைக்காரர்தான். அதைச் சொல்லும் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. கூலிக்கு நிற்பவன் என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாத மனிதர்கள் இவர்கள்.

கடைசியாக ஒரு கல்லறைக்கல். இரண்டாம் நூற்றாண்டு, சவுத் ஷீல்ட்ஸ் கோட்டையடி. சிரியாவின் பல்மைரா நகரத்தவர் பராத்தேஸ். அவர் மனைவி ரெஜினா, லண்டனுக்கு வடக்கே வாழ்ந்த கற்றுவெல்லோனியர் இனத்தவள். அடிமையாய் இருந்தவளை விடுவித்து மணந்தார். அவள் முப்பது வயதில் இறந்தாள். கல்லில் இலத்தீன் எழுத்து பெரிதாக இருக்கிறது, ஆனால் இலக்கணம் தடுமாறுகிறது. அதன் கீழே அவருடைய சொந்த மொழியில் ஒரேயொரு வரி. அந்த வரியில் தடுமாற்றமே இல்லை. அவள் பெயரும் தன் பெயரும் எழுதி, ஐயோ என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கோட்டையடியில் அதை வாசிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இருந்தும் எழுதினார். துக்கம் வரும்போது வருகிற மொழி அதுதானே.

மகளுக்கு இதைச் சொன்னேன். "அப்ப நாங்களும் ஒரு வரி எழுதவேணும்" என்றாள். இந்தப் புத்தாண்டில் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அந்த ஒரு வரியையாவது தடுமாறாமல் எழுதப் பழகட்டும்.