பாறு போன கதை

கழுகுன்னு சொன்னா இப்போ பசங்க கோழிக்குஞ்சைத் தூக்குற பருந்தைத்தான் காட்டுறாங்க. நான் சொல்ல வர்றது அது இல்லீங்க. செத்த மாட்டைத் தின்னுற பிணந்தின்னிக் கழுகு. பழைய தமிழ்ல அதுக்குப் பேரு பாறு. செங்கல்பட்டுப் பக்கம் திருக்கழுக்குன்றம்னு ஊர் பேரே அதனால வந்தது. அந்த மலைக்கு உச்சி நேரத்துல ரெண்டு கழுகு வந்து பொங்கல் சாப்பிட்டுப் போறதைப் பார்க்கவே ஜனங்க கூடுவாங்க. 1990களோட அந்த வரத்தும் நின்னு போச்சு.

1980கள் வரைக்கும் இந்தியாவுல பாறுகள் கோடிக்கணக்குல இருந்ததா சொல்றாங்க. மாடு செத்தா ஊருக்கு வெளியே போட்டுட்டு வந்துடுவாங்க, தோலை உரிக்கிறவங்க உரிச்சுக்குவாங்க. மிச்சத்தைப் பாறுக் கூட்டம் சில மணி நேரத்துல முடிச்சு எலும்பை மட்டும் விட்டுட்டுப் போகும். அதோட வயித்து அமிலம் ரொம்ப கடுமையானது. அடைப்பான் நோய்க் கிருமியைக்கூட அழிக்கிற அளவுக்கு. கூலி வாங்காத தோட்டி அது.

1990கள்ல ராஜஸ்தான் பரத்பூர் பறவைகள் பூங்காவுல விபு பிரகாஷ்ங்கிற ஆராய்ச்சியாளர் ஒரு மாற்றத்தைக் கவனிச்சார். கழுகுங்க கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கு, அப்புறம் செத்து விழுது. கூடுகள் காலியாகுது. ஏதோ தொத்து நோய்னுதான் முதல்ல நினைச்சாங்க. காரணம் தெரிஞ்சது 2004ல. லிண்ட்சே ஓக்ஸ் தலைமையில பாகிஸ்தான்ல ஆய்வு செஞ்சவங்க, செத்த கழுகோட உறுப்புங்க மேல வெள்ளையா உப்புப் படிஞ்சிருக்கிறதையும் சிறுநீரகம் கெட்டுப் போயிருக்கிறதையும் பார்த்தாங்க. செஞ்சது டைக்ளோஃபினாக். மாட்டுக்கு வீக்கம், வலின்னா போடுற சாதாரண ஊசி மருந்துதான். ஊசி போட்ட மாடு சீக்கிரமே செத்துப் போனா மருந்து உடம்புல தங்கியிருக்கும். அந்தக் கறியைத் தின்ன பாறும் சாகும்.

எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டாதான் இப்படி ஆகும்னு இல்லீங்க. நூறு சடலத்துல ஒண்ணுல மருந்து இருந்தாலே அந்த இனம் அழிய அது போதும்னு கணக்குப் போட்டுக் காட்டினாங்க. ஒரு மாட்டுல ஒரு கூட்டமே இறங்கும், அத்தனைக்கும் ஒரே நாள்ல விஷம். அதோட பாறு வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும். அந்தக் குஞ்சு வளர்ந்து இணை சேர நாலஞ்சு வருஷமாகும். வேகமா போகும், மெதுவாத்தான் திரும்பும். 1992க்கும் 2007க்கும் நடுவுல வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒண்ணுங்கிற அளவுக்குக் குறைஞ்சுது.

இயற்கையில ஒரு இடம் காலியானா அது காலியாவே கிடக்காது. சடலத்தைத் தின்ன தெருநாய் வந்துச்சு. பாறு மாதிரி அதால சுத்தமா முடிக்க முடியாது, கிருமியும் அழியாது. நாய் பெருகினா வெறிநாய்க்கடியும் பெருகும். அழுகின சடலம் குளத்துலயும் வாய்க்கால்லயும் கிடந்தா தண்ணியும் கெடும். ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள், கழுகு அழிஞ்சதால 2000ல இருந்து 2005க்குள்ள சுமார் 5 லட்சம் மனுஷ உயிர் கூடுதலா போயிருக்கும்னு கணிச்சிருக்காங்க. சங்கிலியில ஒரு கண்ணி அறுந்ததுக்கு நாம கொடுத்த விலை அது.

2006ல கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கை அரசு தடை செஞ்சுது. ஆனாலும் மனுஷனுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க. அதனால 2015ல அதை 3 மில்லிக்கு மேல அடைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. 2023ல கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ரெண்டையும் கால்நடைக்குத் தடை செஞ்சாங்க.

நம்ம மாநிலத்துல பாறுகள் இன்னைக்கு மாயாறு பள்ளத்தாக்குலதான் மிச்சம், முதுமலையும் சத்தியமங்கலமும் சேர்ற இடம் அது. காட்டோரத்துல மாடு வச்சிருக்கிறவங்க ரெண்டு விஷயம் செய்யலாம். ஊசி போட வர்றவர்கிட்ட என்ன மருந்துன்னு கேளுங்க. மெலாக்சிகாம் கழுகுக்கு ஆபத்தில்லாததுன்னு சோதிச்சுப் பார்த்த மருந்து, அதைப் போடச் சொல்லுங்க. புலி அடிச்ச மாட்டுமேல கோபத்துல விஷம் தடவாதீங்க. புலி வர்றதுக்கு முன்னாடி அதைத் தின்னுறது பாறுதான்.