கடைசி கோலும் கைக்கெட்டாத கோப்பையும்

வென்றவர்களை வரலாறு எழுதிக்கொள்கிறது. தோற்ற அணிகளை நேசித்தவர்கள்தாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய இந்தியக் கால்பந்து அணி நம் நேசத்துக்குரியது.

முந்தைய 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றிருந்தது. ரகீமின் பயிற்சியில் ரோமுக்குச் சென்ற அணி, ஹங்கேரியிடம் 1-2 எனத் தோற்றது. பிரான்சுக்கு எதிராக பி.கே. பானர்ஜியின் கோலால் முந்தியும், இறுதிக் கட்டத்தில் அதை இழந்து 1-1 எனச் சமனில் முடித்தது. பெருவிடம் 1-3 எனத் தோற்று வெளியேறியது. அந்த ஒற்றைக் கோலை அடித்தவர் நம் தமிழ்நாட்டுக்காரரான சைமன் சுந்தர்ராஜ். அதன்பின் இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் ஆடவேயில்லை. ஆகவே இன்றுவரை நம் தேசத்தின் கடைசி ஒலிம்பிக் கோல் அதுதான்.

அவரே 1973-இல் பயிற்சியாளராக இருந்து கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையைப் பெற்றுத் தந்தார். தமிழகமோ 2012-இல் இறுதியாட்டம் வரை வந்தும் சர்வீசஸ் அணியிடம் தோற்றது. கேரளத்தார் தம் 1973-ஐ இன்றும் கொண்டாடுகிறார்கள். நாமோ கோப்பை இல்லாததால் ஆட்டக்காரரையும் மறந்துவிட்டோம்.

பாம்பனிலோ தொண்டியிலோ கடற்கரை மணலில் பந்துதைக்கும் சிறுவனுக்குக் காட்ட நம்மிடம் கோப்பை இல்லை. சொல்வதற்கு இந்தப் பெயராவது இருக்கட்டும்.