வெற்று ஆசனங்களும் 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தலும்

1931ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் இலங்கை அரசாங்க சபைத் தேர்தலுக்கு வேட்புமனு ஏற்கும் நாளாகும். அன்று யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் மனுச் செய்ய ஒருவரும் முன்வரவில்லை. பட்டணம் நீங்கலாக ஏனையவை புகையிலைத் தோட்டங்களும் பனந்தோப்புகளும் மீன்பிடி ஊர்களுமான நாட்டுப்புறங்கள். ஐம்பது பேர் தெரிவாக வேண்டிய சபையில் இந்நான்கு ஆசனங்களும் 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தல் வரையில் வெறுமையாய்க் கிடந்தன.

இப்பகிஷ்காரத்தை முன்னின்று நடத்தியது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். 1924இல் மாணவர் காங்கிரஸாக அது தோன்றியபோது அதற்கு உயிரூட்டிய ஹண்டி பேரின்பநாயகம், அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியில் பயின்றவர். இம்மரபு சென்னைக்குப் புதியதன்று. 1857இல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும் வட்டுக்கோட்டை செமினரியின் மாணாக்கரே. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்ததும் இவ்வாலிபர்களே. டொனமூர் அரசியல் திட்டம் பூரண சுயராச்சியம் தராது என்பது அவர்கள் கொண்ட மறுப்பு. 1931 ஏப்ரலில் கமலாதேவி சட்டோபாத்யாய தலைமையில் கூடிய மாநாட்டில் பகிஷ்காரத் தீர்மானம் நிறைவேறிற்று.

அவர்களுடைய மனச்சாட்சியை நாம் ஐயுறவில்லை. சாதி வேற்றுமையை வெளிப்படையாக எதிர்த்தவர்கள் அவர்கள். திருச்சபைக்குள்ளும் அக்காலத்தில் அத்துணிவு அரிது. ஆயினும், அவர்கள் விலக்கிய அதே திட்டம் கற்றோர், கல்லாதோர், உடையோர், இல்லார் என்னும் பேதமின்றி இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை அளித்திருந்தது. அந்நாளில் மயிலாப்பூரில் வரி செலுத்தும் வீட்டுக்காரர் வாக்களிக்கச் செல்வார். அவர் வீட்டில் நீர் இறைத்தவளுக்கு வாக்கில்லை. வயது வந்தோர் வாக்குரிமையுடன் இந்தியா தன் முதற் பொதுத் தேர்தலைக் கண்டது 1951-52இலேயே. அத்தகைய அரிய உரிமை பனையேறுவோர், குடிமைத் தொழில் செய்வோர் கைக்கு எட்டிய ஆண்டிலேயே, வடபுலத்தில் அதைப் பயன்படுத்த வாக்குச்சாவடி திறக்கப்படவில்லை. ஒடுக்கப்பட்டோரின் நண்பர்களே அதற்குக் காரணரானார்கள் என்பதுதான் நம்மை உறுத்துகிறது. அவர்களைக் கேட்டறிந்தா இத்தீர்மானம் செய்யப்பட்டது? சிங்களத் தலைவர்களும் உடன் வருவார்கள் என்ற நம்பிக்கையும் பொய்த்துப் போயிற்று.

1934இல் இடைத்தேர்தல் நடந்தபோது வாலிபர் காங்கிரஸின் செல்வாக்குத் தேய்ந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் அருணாசலம் மகாதேவாவும், காங்கேசன்துறையில் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன் சு. நடேசனும், ஊர்காவற்றுறையில் நெவின்ஸ் செல்வதுரையும், பருத்தித்துறையில் ஜி. ஜி. பொன்னம்பலமும் தெரிவாயினர். சாதி, மதம் கடந்த ஒரே இலங்கை என்று வாலிபர் பேசினர். வந்தமர்ந்தோருள் பொன்னம்பலமோ சிறுபான்மையோரின் சமப் பிரதிநிதித்துவத்தையே தம் அரசியலாக்கினார். 1936இல் அமைந்த மந்திரி சபையில் அமைச்சர் அனைவரும் சிங்களவரே. 1942இல் மகாதேவா உள்நாட்டு அமைச்சரானார். 1944இல் பொன்னம்பலம் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸைத் தொடங்கினார்.